பருவநிலை விஞ்ஞானிக்குச் சம்பளம் தருவது யார்? மாசு, பருவநிலை ஆய்வுப் பணிகளின் உள்ளமைப்பு

2025-இன் தொடக்கத்திலிருந்து இரண்டு வகைப் பேச்சுகள் அருகருகே கேட்டுவருகின்றன. அமெரிக்காவின் தேசியக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவில் அந்த ஆண்டு பிப்ரவரியில் நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். ஜூலையில் அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தன் ஆராய்ச்சிப் பிரிவையே கலைக்கப்போவதாக அறிவித்தது. இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் தவறாமல் எழும் வாதம் ஒன்று உண்டு: பருவநிலை மாற்றம் என்று பயமுறுத்தினால்தான் விஞ்ஞானிகளுக்கு நிதி கிடைக்கும், எனவே அவர்கள் பயமுறுத்திக்கொண்டே இருப்பார்கள் என்பது.

சில நூறு பேர் வேலை இழப்பதால் உலகின் அறிவில் என்ன குறைந்துவிடும் என்பது முதல் செய்தியைப் படிப்பவருக்குப் புலப்படுவதில்லை. இரண்டாவது வாதத்தைக் கேட்பவருக்கோ அதில் ஏதோ நியாயம் இருப்பதுபோலத் தோன்றுகிறது. இந்த ஆய்வாளர்கள் எப்படி வேலைக்கு வருகிறார்கள், யாரிடம் சம்பளம் வாங்குகிறார்கள், எதைச் செய்தால் பதவி உயர்கிறது, எதைச் சொன்னால் வேலைக்கு ஆபத்து என்பவை வெளியில் அதிகம் பேசப்படாததே இரண்டு குழப்பங்களுக்கும் காரணம். அவற்றை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்தத் துறையினர்?

மருத்துவருக்கோ வழக்கறிஞருக்கோ இருப்பதுபோன்ற ஒரே நுழைவாயில் இத்துறைக்குக் கிடையாது. காற்றில் உள்ள சேர்மங்களை ஆராய்பவர் வேதியியலாளர். பூமியின் வெப்பச் சமநிலையைக் கணினியில் கணக்கிடுபவர் பெரும்பாலும் இயற்பியலாளர். பனிப்படலத்தை ஆழத் துளைத்து எடுத்த உருளைகளிலிருந்து 8,00,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட காற்றுக் குமிழ்களைப் படிப்பவர் புவியியலாளராக இருக்கலாம். புகையால் யார், எவ்வளவு காலம் முன்னதாக இறக்கிறார்கள் என்று கணக்கெடுப்பவர் நோய்ப்பரவலியலாளர். இவர்கள் ஒருவர் மற்றவருடைய ஆய்விதழ்களைப் படிப்பதுகூட அரிது.

பலர் வேறெதையோ தேடிப்போய் இங்கே வந்து சேர்ந்தவர்கள். கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகமான கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான சேர்மங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஏரி ஹாகன்-ஸ்மித். அதே நுட்பத்தைக் கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தை ஆராய்ந்து, வாகனப் புகையும் எண்ணெய் ஆலைகளின் ஆவியும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று 1950-களின் தொடக்கத்தில் காட்டினார். பின்னாளில் அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் முதல் தலைவரானார். நாசாவின் பருவநிலை விஞ்ஞானியாகப் பின்னாளில் அறியப்பட்ட ஜேம்ஸ் ஹான்சன், முதலில் வெள்ளிக் கோளின் மேகங்களை ஆராய்ந்துவந்தவர். வீரபத்ரன் ராமநாதன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்துவிட்டு, குளிர்பதனத் தொழிலில் வேலை பார்த்தவர். குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த குளோரோ புளோரோ கார்பன், ஒரு மூலக்கூறுக்கு ஒரு மூலக்கூறு என்று ஒப்பிட்டால், கரியமில வாயுவைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது என்று 1975-இல் காட்டியவர் அவர்தான்.

இப்போது பல பல்கலைக்கழகங்கள் சுற்றுச்சூழல் அறிவியல் என்றே பட்டம் வழங்குகின்றன. ஆயினும் ஆய்வுப் பணிக்கு ஆள் எடுக்கும்போது இயற்பியல், வேதியியல், புள்ளியியல், கணினி நிரலாக்கம் ஆகியவற்றில் ஒன்றிலாவது ஆழம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் தொட்டுச் செல்லும் பட்டம் நிர்வாகப் பணிகளுக்கு உதவும். ஆய்வகத்தில் அதன் மதிப்புக் குறைவு என்பதே இக்கட்டுரையாளரின் கணிப்பு.

படிப்பு முடிந்தபின்

ஆய்வுப் பணியின் வழக்கமான படிகள் நான்கு. நாட்டுக்கு நாடு பெயர் மாறினாலும் வரிசை மாறுவதில்லை.

1. முனைவர் பட்டம். மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகள் ஆகும். மாணவருக்குக் கிடைப்பது உதவித்தொகை. அது பெரும்பாலும் வழிகாட்டியின் ஆய்வு மானியத்திலிருந்து வரும்.

2. முதுமுனைவர் ஆய்வு. பட்டம் பெற்றவர் வேறோர் ஆய்வகத்தில் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் ஒப்பந்தத்தில் பணிபுரியும் கட்டம் இது. ஒப்பந்தம் முடிந்ததும் இன்னொரு நகரம், பல நேரங்களில் இன்னொரு நாடு. இப்படி இரண்டு மூன்று ஒப்பந்தங்களைக் கடந்து முப்பதுகளின் நடுவுக்கு வந்துவிட்டவர்கள் ஏராளம். ஓசோன் படலத்தைக் குளோரோ புளோரோ கார்பன் அரிக்கும் என்ற 1974-ஆம் ஆண்டுக் கட்டுரையை ஷெர்வுட் ரோலண்டுடன் சேர்ந்து எழுதிய மரியோ மொலினா அப்போது இந்தப் படியில்தான் இருந்தார்.

3. நிரந்தரப் பணிக்கு முந்தைய சோதனைக் காலம். உதவிப் பேராசிரியர் அல்லது இளநிலை விஞ்ஞானி என்ற பெயரில் சில ஆண்டுகள். வெளியான கட்டுரைகள், அவற்றைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை, கொண்டுவந்த மானியம் ஆகிய மூன்றும் எடைபோடப்படும்.

4. நிரந்தரப் பணி. முனைவர் பட்டம் பெறுவோரில் இந்த இடத்தை அடைவோர் சிறுபான்மையினரே.

இதற்கிடையே, பலரும் அறியாத இன்னொரு வகை உண்டு. பெரிய ஆய்வு மையங்களில் இருபது ஆண்டுகளாக வேலை செய்பவரும்கூட முழுக்க மானியப் பணத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம். அவருக்குப் பதவிப் பெயர் இருக்கும், அறை இருக்கும். ஆனால் அடுத்த மானியம் வரவில்லையெனில் சம்பளம் நின்றுபோகும். அரசின் ஆய்வு நிதி வெட்டப்படுகிறது என்ற செய்தி வரும்போது முதலில் அடிபடுவோர் இவர்களும் இரண்டாம் படியில் இருப்பவர்களுமே.

மானியப் பணம் யார் பைக்குப் போகிறது?

"நிதிக்காகப் பயமுறுத்துகிறார்கள்" என்ற வாதத்தைச் சோதிக்க வேண்டுமானால் ஆய்வு மானியம் என்பது என்னவென்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓர் ஆய்வாளர் தான் செய்யப்போகும் வேலையையும், அதற்கான செலவையும் எழுதி நிதி அமைப்புக்கு விண்ணப்பிக்கிறார். அதே துறையைச் சேர்ந்த பிறர் அதைப் படித்து மதிப்பெண் இடுகிறார்கள். கிடைக்கும் தொகை ஆய்வாளரின் வங்கிக் கணக்குக்குப் போவதில்லை. அவர் பணிபுரியும் நிறுவனத்துக்குச் செல்கிறது. நிறுவனம் கட்டடம், மின்சாரம், நிர்வாகம் ஆகியவற்றுக்கென ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி கருவிகளுக்கும், மாணவர், முதுமுனைவர் ஆய்வாளர் ஆகியோரின் ஊதியத்துக்கும், கப்பல் அல்லது கணினி நேரத்துக்கும் செலவாகும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பலருக்கு ஒன்பது மாதச் சம்பளமே உண்டு என்பதால் கோடை மாதங்களுக்கு மானியத்திலிருந்து ஊதியம் பெறலாம். அதுவும் அவருடைய வழக்கமான மாத விகிதத்தில்தான். ஆகவே மானியம் பெரிதானால் ஆய்வுக்குழு பெரிதாகும். தலைவரின் வீடு பெரிதாவதில்லை.

இதோடு மேலும் சிலவற்றைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1. எல்லோரும் ஏற்ற முடிவை இன்னொரு முறை சொல்வதால் ஓர் இளம் ஆய்வாளருக்குப் பெயர் கிடைப்பதில்லை. ஏற்ற முடிவு தவறென்று உறுதியாகக் காட்டுபவருக்கே பரிசும் பதவியும். இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் பூமியின் வெப்பநிலைப் பதிவுகளை நம்பாதவர். பெர்க்லி எர்த் என்ற திட்டத்தைத் தொடங்கி அப்பதிவுகளைப் புதிதாக ஆராய்ந்தார். எரிபொருள் தொழிலில் பெரும் பங்குள்ள கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் அதற்கு நிதி தந்தது. 2012-இல் அவர் வெளியிட்ட முடிவு: வெப்பம் உண்மையாகவே ஏறியிருக்கிறது, அதற்கு முதன்மைக் காரணம் மனிதர்களே. பணம் கொடுத்தவர் விரும்பும் முடிவே வரும் என்று சொல்பவர்கள் இந்நிகழ்வுக்கு விளக்கம் தர வேண்டியிருக்கும்.

2. மாற்றுக் கருத்து உடையோர் வேலையிழந்து தெருவில் நிற்கவும் இல்லை. செயற்கைக்கோள் வெப்பநிலைப் பதிவைத் தயாரிக்கும் ஜான் கிறிஸ்டி, வெப்பமேற்றத்தின் அளவையும் ஆபத்தையும் குறைத்து மதிப்பிடுபவர்; அலபாமா பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் பணிபுரிந்தவர். 2005-இல் வேறொரு குழு, செயற்கைக்கோளின் பாதை மெல்ல விலகுவதற்கான திருத்தத்தில் பிழை இருப்பதைக் காட்டியபோது, அவருடைய குழு பதிவைத் திருத்தியது.

3. ஐ.பி.சி.சி. எனப்படும் பருவநிலை மாற்றத்துக்கான நாடுகளிடைக் குழு 1988-இல் உருவானது. அதன் அறிக்கைகளை எழுதுவோருக்கு அக்குழு சம்பளம் தருவதில்லை. 2021-இல் வெளியான இயற்பியல் அடிப்படை பற்றிய பகுதியில் மட்டும் 234 ஆசிரியர்கள், 14,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் படித்துத் தொகுத்தார்கள். சொந்த ஆய்வை ஓரம் கட்டிவிட்டுச் சில ஆண்டுகள் செய்யும் வேலை அது.

இப்படிச் சொல்வதால் நிதியமைப்பு யாரையும் வளைப்பதே இல்லை என்று கொள்ளக் கூடாது. அது வளைக்கும் திசை வேறு. மூன்றாண்டுகளில் முடிவு காட்டக்கூடிய, மதிப்பீட்டாளர்கள் நெற்றி சுருக்காத, அப்போது பேச்சில் இருக்கும் தலைப்புகளை நோக்கி ஆய்வாளர்கள் நகர்கிறார்கள். பழைய அளவீட்டைத் திரும்பச் செய்து சரிபார்க்கும் வேலைக்கு விண்ணப்பம் எழுதினால் கிடைப்பது அரிது. மேலும், பொதுவெளியில் தவறாகிவிடக் கூடாது என்ற அச்சம் ஆய்வாளர்களை மிகைப்படுத்துவதைவிடக் குறைத்துச் சொல்வதற்கே தள்ளுகிறது. 2007-ஆம் ஆண்டு ஐ.பி.சி.சி. அறிக்கை, மிக அதிக உமிழ்வு தொடர்ந்தால் நூற்றாண்டின் இறுதியில் கடல்மட்டம் 26 முதல் 59 செ.மீ. உயரும் என்றது. பனிப்படலங்கள் வேகமாக நகர்ந்து கடலில் சரிவதை நம்பகமாகக் கணக்கிட முடியாததால், அப்பகுதியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தார்கள். 2021 அறிக்கையில் ஏறத்தாழ அதே நிலைக்கான மதிப்பீடு 63 முதல் 101 செ.மீ.

அளவெடுப்பவர்களுக்குப் பெயர் கிடைப்பதில்லை

மாசு, பருவநிலை ஆய்வின் அடிப்படை முரண் கால அளவில் இருக்கிறது. இயற்கையில் மாற்றம் தெளிவாகத் தெரியப் பத்து, இருபது, ஐம்பது ஆண்டுகள் ஆகும். மானியம் மூன்றாண்டு ஓடும். முதுமுனைவர் ஒப்பந்தம் இரண்டாண்டு. இந்த இடைவெளியை யாராவது தம் பணிவாழ்வால் நிரப்ப வேண்டியிருக்கிறது.

சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் ஹவாயின் மவுனா லோவா எரிமலைச் சரிவில் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சம் பங்கு காற்றில் அந்த வாயு ஏறத்தாழ 313 பங்கு. கருவியின் அளவீட்டைச் சரிபார்க்கக் கண்ணாடிக் குடுவையில் காற்றுப் பிடிப்பார்கள். உள்ளே வெற்றிடமாக்கப்பட்ட குடுவையை ஏந்திக்கொண்டு, காற்று வீசும் திசையை எதிர்நோக்கி நின்று, மூச்சை அடக்கிக்கொண்டு அதன் அடைப்பைத் திறக்க வேண்டும். அளப்பவர் விடும் மூச்சில் கரியமில வாயு நூறு மடங்குக்கும் மேல் என்பதால், அது கலந்தால் மாதிரி கெட்டுவிடும். இதை வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் செய்துகொண்டிருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டுகளிலேயே, தாவரங்கள் துளிர்க்கும்போது வாயுவின் அளவு இறங்கி, இலையுதிரும்போது ஏறுவதும், ஒவ்வோர் ஆண்டும் மொத்தம் சற்று உயர்வதும் தெரிந்துவிட்டன. சிக்கல் அதன்பிறகுதான் தொடங்கியது. கண்டுபிடிப்பு வந்துவிட்டதே, இனி ஏன் அளக்க வேண்டும் என்ற கேள்வி நிதி தருவோரிடமிருந்து வந்தது. தொடர் கண்காணிப்பு வழக்கமான அலுவல், அதை ஆராய்ச்சி என்று கருத முடியாது என்பது அவர்கள் நிலை. நிதி வெட்டப்பட்டதால் 1964-இன் தொடக்கத்தில் சில மாதங்கள் அளவீடே நின்றது. இன்றும் அந்த வளைகோட்டில் ஒரு சிறு இடைவெளி காணப்படும். கீலிங் 2005-இல் இறக்கும்வரை பணத்துக்காகப் போராடியபடியே அதைத் தொடர்ந்தார். பின்னர் அவர் மகன் ரால்ஃப் கீலிங் பொறுப்பேற்றார். உலகின் மிகப் புகழ்பெற்ற பருவநிலைப் பதிவு ஒரு குடும்பத்தின் பிடிவாதத்தில் பிழைத்தது என்பது பெருமைப்படத்தக்க செய்தி என்று எனக்குத் தோன்றவில்லை. ஏற்பாட்டின் குறையைத்தான் அது காட்டுகிறது.

அண்டார்க்டிகாவின் ஹாலி நிலையத்திலும் இதுவே நடந்தது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து அங்கே டாப்சன் நிறமாலைக் கருவியால் ஓசோனை அளந்துவந்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு எதையும் தராமல் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பதிவில்தான், ஜோசப் ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனாதன் ஷாங்க்ளின் மூவரும் வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைவதைக் கண்டு 1985-இல் வெளியிட்டனர். ஷாங்க்ளின் அப்போது இளநிலைப் பணியாளர். தாளில் குவிந்து கிடந்த பழைய அளவீடுகளைக் கணினியில் ஏற்றுவது அவருக்குத் தரப்பட்ட வேலைகளுள் ஒன்று. இரண்டாண்டுகளில், ஓசோனை அரிக்கும் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானது. சிக்கனம் என்று கூறி அந்த நிலையத்தின் அளவீட்டை 1975-இல் நிறுத்தியிருந்தால் அந்தக் கட்டுரை வந்திருக்காது.

மாசின் உடல்நலக் கேடுகளுக்கும் இது பொருந்தும். ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஆறு அமெரிக்க நகரங்களில் 8,111 பேரைப் பதினான்கு முதல் பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, நுண்துகள் மிகுந்த நகரத்தில் இறப்பு விகிதம் அதிகம் என்று 1993-இல் வெளியிட்டார்கள். இந்த ஆய்வு தொடங்கியபோது ஆய்வு மாணவராகச் சேர்ந்த ஒருவர் முடிவு வரும்போது நடுவயதைத் தொட்டிருப்பார். பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரான் அல்லது அதைவிடச் சிறிய துகள்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் ஆண்டு சராசரியாகக் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வரம்பு குறித்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட பல நீண்ட ஆய்வுகள் உள்ளன.

பருவநிலைக் கணினி மாதிரிகளின் நிரலை எழுதிப் பராமரிப்பவர்களும் இதே வரிசையில் வருகிறார்கள். லட்சக்கணக்கான வரிகள் கொண்ட நிரலில் ஒரு பிழையை ஆறு மாதம் தேடித் திருத்தியவருக்குத் தனிக் கட்டுரை எதுவும் கிடைப்பதில்லை. கட்டுரை இல்லாதவருக்குப் பதவி உயர்வும் இல்லை. கரியமில வாயு இருமடங்கானால் பூமி எவ்வளவு வெப்பமாகும் என்று சியுகுரோ மனாபே 1967-இல் உருவாக்கிய கணக்கீட்டுக்கு 2021-இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 90. அவர் ஆய்வு வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தது அரசு ஆய்வகத்தில். மூன்றாண்டு மானியச் சுழற்சியில் சிக்காமல் பொறுமையாக மாதிரியைக் கட்ட முடிந்ததற்கு அதுவும் காரணம்.

சம்பளம் தருபவரும் சொல்லும் உரிமையும்

ஆய்வாளர் எங்கே பணிபுரிகிறார் என்பதைப் பொறுத்து அவர் கண்டதை வெளியே சொல்ல முடியுமா என்பது மாறுகிறது.

*தொழில் நிறுவனம்.* ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ வேதிப்பொருள் ஆலை மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் ஹொசொகவா ஹஜிமே. 1956 மே முதல் நாளில், நரம்பு பாதிக்கப்பட்ட நோயாளிகளைப் பற்றி அரசு சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவித்தது அவருடைய மருத்துவமனையே. 1959-இல் அவர் ஆலைக் கழிவுநீரைப் பூனைகளுக்கு உணவோடு கொடுத்துச் சோதித்தார். 400 என்று எண்ணிடப்பட்ட பூனைக்கு அதே நோய் வந்தது. சோதனையை நிறுத்துமாறு நிறுவனம் உத்தரவிட்டது. முடிவு வெளியே வரவில்லை. நோய்க்குக் காரணம் அந்த ஆலையின் மெத்தில் பாதரசம் என்று அரசு ஏற்றது 1968-இல். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளும் கழிவு கடலில் கலந்துகொண்டிருந்தது.

எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1970-களின் பிற்பகுதியிலிருந்து பூமி எவ்வளவு வெப்பமாகும் என்று கணித்துவந்தார்கள். அக்கணிப்புகளை உண்மையில் நிகழ்ந்த வெப்ப உயர்வோடு ஒப்பிட்டு 2023-இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றுள் 63 முதல் 83 விழுக்காடு வரை சரியாக இருந்ததாகக் காட்டியது. விஞ்ஞானிகளின் திறமையில் குறையில்லை. அவர்கள் உள்ளே சொன்னதும் நிறுவனம் வெளியே சொன்னதும் வெவ்வேறாக இருந்தன.

*தொழில்துறை நிதி பெறும் பல்கலைக்கழகம்.* பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று கணித்தவர் கால்டெக்கின் கிளேர் பேட்டர்சன். பாறையில் உள்ள ஈயத்தை அளக்க முயன்றபோது எண்கள் ஒவ்வொரு முறையும் தாறுமாறாக வந்தன. குழாய்நீர், வேதிப்பொருள்கள், மேசைத் தூசி, தலைமுடி என எல்லாவற்றிலும் ஈயம் இருந்ததே காரணம். ஆய்வகத்தைத் திரும்பத் திரும்ப அமிலத்தால் கழுவி, வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்தித்தான் அவரால் அளக்க முடிந்தது. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர், பெட்ரோலில் கலந்த ஈயமே பெரும் காரணம் என்ற முடிவுக்கு வந்து 1965-இல் எழுதினார். அதுவரை அவருக்கு நிதி தந்துவந்த அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் நிதியை நிறுத்தியது. அரசின் பொதுச் சுகாதாரத் துறையுடன் இருந்த ஒப்பந்தமும் போயிற்று. 1971-இல் காற்றில் உள்ள ஈயத்தைப் பற்றி ஆராய அமைந்த தேசிய ஆராய்ச்சி மன்றக் குழுவில், அத்துறையின் முன்னணி ஆய்வாளரான அவருக்கு இடம் தரப்படவில்லை. நிரந்தரப் பேராசிரியர் பதவி அப்போது இல்லாதபோதும் அவர் தாக்குப்பிடித்தார். பெட்ரோலில் ஈயம் குறைக்கப்பட்ட பிறகு, 1970-களின் பிற்பகுதிக்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் இடையில் அமெரிக்கர்களின் இரத்தத்தில் ஈயத்தின் சராசரி அளவு முக்கால் பங்குக்கு மேல் இறங்கியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-இல் ஈயப் பெட்ரோல் விற்பனையை நிறுத்தியது.

*அரசு ஆய்வகம்.* நீண்ட கால அளவீட்டுக்கு மிக ஏற்ற இடம் இது. ஆனால் ஆட்சி மாறினால் வாய்ப்பூட்டும் வரலாம். கனடாவில் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசு விஞ்ஞானிகள் அனுமதியின்றிப் பத்திரிகையாளர்களிடம் பேச முடியாத நிலை இருந்தது. ஏரிகளையே ஆய்வகமாகக் கொண்டு 1968 முதல் இயங்கிவந்த எக்ஸ்பெரிமென்டல் லேக்ஸ் ஏரியா என்ற களத்துக்கு 2012-இல் நிதி நிறுத்தப்படுவதாக அறிவிப்பு வந்தது. ஓர் ஏரியின் நடுவே திரை கட்டி, ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸ் சேர்த்து, அந்தப் பாதி பாசி பிடித்துப் பச்சையானதை வானிலிருந்து படம்பிடித்துக் காட்டியவர்கள் அங்கே பணிபுரிந்தவர்களே. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் வாதத்துக்கு அந்தப் படம் வலுச்சேர்த்தது. அவ்வாண்டு ஜூலையில் விஞ்ஞானிகள் ஒட்டாவாவில் ஊர்வலம் போனார்கள். 2014-இல் அந்தக் களம் அரசிடமிருந்து ஒரு தனி ஆய்வு நிறுவனத்தின் கைக்கு மாறியது. பின்னர், பேசும் உரிமையைத் தொழிற்சங்க ஒப்பந்தத்திலேயே எழுதிவாங்கிக்கொண்டார்கள்.

*ஆலோசனை நிறுவனம்.* எண்ணிக்கையில் பார்த்தால் சுற்றுச்சூழல் பட்டதாரிகளில் பெரும் பகுதியினர் வேலைக்குச் செல்லும் இடம் இது. ஆலையோ சாலையோ வருமுன் தயாராகும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இவர்கள் கைவேலை. பல நாடுகளில் அதற்குப் பணம் கொடுப்பவர் அந்தத் திட்டத்தைக் கொண்டுவருபவரே. அறிக்கை பாதகமாக இருந்தால் அடுத்த ஒப்பந்தம் வேறொருவருக்குப் போகும் என்பது எல்லோரும் அறிந்ததே.

இரு தரப்பு நிதியையும் கலந்து, ஆய்வாளரை இருவரிடமிருந்தும் தள்ளிவைக்கும் ஏற்பாடும் சாத்தியம். 1980-இல் தொடங்கிய ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்புக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையும் வாகன உற்பத்தியாளர்களும் சேர்ந்து பணம் தருகின்றனர். மேலே சொன்ன ஆறு நகர ஆய்வைத் தொழில்துறையினர் கடுமையாக எதிர்த்தபோது, தரவுகளை வாங்கி முழுதும் மறுஆய்வு செய்தது இவ்வமைப்புதான். 2000-இல் வந்த மறுஆய்வு முதல் முடிவையே உறுதிசெய்தது.

"கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது" என்ற வாதம்

பணிக்குறைப்புக்கு எப்போதும் பகைமையே காரணமாவதில்லை. ஆஸ்திரேலியாவின் அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 2016 பிப்ரவரியில் தன் பருவநிலைப் பிரிவில் பெரும் ஆட்குறைப்பை அறிவித்தபோது, அதன் தலைமை சொன்ன காரணம் நியாயம்போலவே ஒலித்தது: பருவநிலை மாறுகிறது என்பது நிரூபணமாகிவிட்டது, இனி அதை எப்படிச் சமாளிப்பது என்பதில் கவனம் செலுத்துவோம். உலகெங்கிலுமிருந்து ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் எதிர்த்து எழுதிய பின் வெட்டின் அளவு குறைந்தது. ஹோபார்ட்டில் தனிப் பருவநிலை மையம் ஒன்றும் அறிவிக்கப்பட்டது.

இந்த வாதத்தின் ஓட்டை எங்கே என்றால், சமாளிப்பதற்குத் தேவையான விவரம் "வெப்பம் ஏறுகிறது" என்ற ஒற்றை வரியில் இல்லை. எந்த வடிகாலை எவ்வளவு அகலமாகக் கட்டுவது, எந்தக் கரையை எவ்வளவு உயர்த்துவது என்பதற்கு அந்தந்த இடத்தின் மழை, கடல்மட்டம் பற்றிய நுணுக்கமான கணிப்பு வேண்டும். 2003-இல் ஐரோப்பாவைத் தாக்கிய வெப்ப அலைபோன்ற ஒன்று நிகழும் வாய்ப்பை மனிதச் செயல்பாடு குறைந்தது இருமடங்காக்கியிருக்க மிகப் பெரும்பாலும் இடமுண்டு என்று 2004-இல் ஒரு கட்டுரை காட்டியது. அன்றுமுதல் வளர்ந்த காரணமறி ஆய்வு, இன்று ஒரு வெள்ளமோ வெயிலோ வந்து சில நாள்களிலேயே, அதில் மனிதச் செயல்பாட்டின் பங்கு எவ்வளவு என்று விடை சொல்லும் நிலைக்கு வந்திருக்கிறது. அந்த வேகத்துக்கு அடிப்படை, யாரோ பல பத்தாண்டுகள் நிறுத்தாமல் எடுத்துவைத்த பதிவுகள்.

இளையவர்கள் முதலில்

2025-இன் நோவா பணிநீக்கத்தில் முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் சோதனைக் காலப் பணியாளர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களும், அனுபவம் இருந்தும் அண்மையில் புதுப் பதவிக்கு மாறியவர்களும் இந்த வகையில் வருவார்கள். சட்டப்படி அவர்களை நீக்குவது எளிது என்பது தவிர வேறு தகுதிக் கணக்கு அதில் இல்லை. விளைவு இப்படி அமையும்: ஓய்வு பெறப்போகும் மூத்தவர் இருப்பார், அவரிடம் கருவியின் குணத்தையும் பதிவின் பழைய திருத்தங்களையும் கற்றுக்கொள்ள வேண்டிய இளையவர் இருக்க மாட்டார். நிதி ஐந்து ஆண்டுகளில் திரும்பி வந்தாலும், அதற்குள் அந்த இளையவர் வேறு தொழிலில் நிலைபெற்றிருப்பார்.

பிற நாடுகள் இவர்களைக் கவர முயல்கின்றன. பாரீஸ் உடன்படிக்கையிலிருந்து விலகப்போவதாக அமெரிக்கா 2017-இல் அறிவித்ததும் பிரான்சின் அதிபர் மக்ரோன் பருவநிலை ஆய்வாளர்களைத் தம் நாட்டுக்கு அழைத்தார். 2025 மார்ச்சில் பிரான்சின் எக்ஸ்-மார்செய் பல்கலைக்கழகம் இதே நோக்கில் 1.5 கோடி யூரோ திட்டத்தை அறிவித்தது. விஞ்ஞானி குடிபெயரலாம். ஓர் ஆற்றங்கரையிலோ மலையுச்சியிலோ நிற்கும் அளவீட்டு நிலையம் குடிபெயராது.

எஞ்சியோரை ஈர்ப்பது தனியார் துறை. காப்பீட்டு நிறுவனங்களுக்கும் வங்கிகளுக்கும், எந்தக் கட்டடம் எந்த வெள்ளத்தில் மூழ்கும் என்று இடர்க் கணிப்பு செய்து விற்கும் நிறுவனங்கள் பெருகிவருகின்றன. மாதிரி நிரல் எழுதத் தெரிந்த இயற்பியலாளருக்கு அங்கே பல்கலைக்கழகத்தைவிட நல்ல ஊதியம். ஆனால் அங்கே உருவாகும் கணிப்பு முறைகள் வணிக ரகசியம். மற்ற ஆய்வாளர் சரிபார்க்கவோ, பணம் கட்ட முடியாத ஊராட்சி பயன்படுத்தவோ வழியில்லை. அந்தக் கணிப்புகளுக்கு மூலப்பொருளாக இருக்கும் மழை, வெப்பநிலை, கடல்மட்டப் பதிவுகளில் பெரும்பாலானவை, இப்போது ஆட்குறைப்பு நடக்கும் அரசு நிலையங்களிலிருந்து இலவசமாக எடுத்துக்கொள்ளப்படுபவை.